பேக்கிங் சூப்பர்!

மாடியில் தக்காளி வளர்க்க முதலில் என்ன வேண்டும்? மண், தண்ணீர், வெயில் என்று பதில் சொன்னால் நீங்கள் பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகப் படித்தவர். செல்போன் என்று சொன்னால் இந்தக் காலத்து ஆசாமி. ஹோஸ், பூவாளி, ஸ்பிரேயர், கிளை வெட்டுகிற கத்தரி என்று வரிசையாக ஆர்டர் போட்டுவிட்டு, அப்புறம்தான் மொட்டை மாடிக்குப் போய் வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கிறோம்.

எதை வாங்குவது? இருக்கவே இருக்கிறது ரிவ்யூ. முன்பெல்லாம் சைக்கிள் வாங்குவதானால், ஏற்கெனவே சைக்கிள் வைத்திருக்கிற ஒன்றுவிட்ட சித்தப்பாவைக் கேட்போம். சித்தப்பா புளுகினால் அடுத்த கல்யாணத்தில் சட்டையைப் பிடிக்கலாம். இப்போது முகம் தெரியாத ஆயிரம் சித்தப்பாக்கள்!

அவர்கள் என்ன சொல்கிறார்கள்? 'பேக்கிங் சூப்பர். ஐந்து நட்சத்திரம்.' 'இன்னும் உபயோகிக்கவில்லை. பார்க்க நன்றாக இருக்கிறது. ஐந்து நட்சத்திரம்.' தாலி கட்டின கையோடு 'இல்லறம் இனிது' என்று சர்டிபிகேட் கொடுக்கிற மாதிரி.

தோட்டச் சாமானில் இதுதான் சிக்கல். மிக்ஸி நல்லதா என்று ஒரு சட்னியில் தெரிந்துவிடும். ஹோஸ் நல்லதா என்பது ஒரு கோடை போனால்தான் தெரியும். வாங்கும்போது பாம்பு மாதிரி நெளிகிற மட்டமான பிளாஸ்டிக் ஹோஸ், கத்திரி வெயிலில் காய்ந்து விறைத்து, மடிகிற இடத்தில் விரிசல் விடும். செடி வைக்கிற பைக்கும் அதே வெயில்தான் எமன். நவம்பரில் எழுதின ரிவ்யூவுக்கு மே மாதத்தைப் பற்றி என்ன தெரியும்?

அடுத்தது, சராசரி. பி.காம். படித்தது இதற்காவது உதவட்டும். இரண்டு கத்தரிகள். இரண்டுக்கும் 4.2 நட்சத்திரம். முதலாவதற்கு 100 பேரில் 80 பேர் நாலு நட்சத்திரம், 20 பேர் ஐந்து. இரண்டாவதற்கு 80 பேர் ஐந்து, 20 பேர் ஒன்றே ஒன்று. கூட்டி வகுத்துப் பாருங்கள், இரண்டும் 4.2தான். ஆனால் இரண்டாவது கத்தரியில் ஐந்தில் ஒருத்தருக்குப் பட்டை நாமம். அந்த ஒருத்தர் நீங்களாக இருந்தால், சராசரி வந்து கிளை வெட்டித் தராது.

இதெல்லாம் நிஜமான ஆசாமிகள் எழுதினால். எனக்கு வந்த ஒரு ஸ்பிரேயர் டப்பாவுக்குள் அழகான கார்டு ஒன்று இருந்தது. 'ஐந்து நட்சத்திரம் போட்டு, அதை போட்டோ எடுத்து அனுப்பினால் 100 ரூபாய் பரிசு.' கம்பெனி பேர் எதற்கு, விடுங்கள். சட்டம் இல்லாமல் இல்லை. விற்கிறவரே வாங்கினவர் மாதிரி வேஷம் கட்டி ரிவ்யூ எழுதக் கூடாது என்று 2020-ல் வந்த மின் வணிக விதிகள் சொல்கின்றன. 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ரிவ்யூக்களுக்கென்றே 'ஐ.எஸ். 19000' என்று ஒரு தரநிலை கொண்டுவந்தது. அமெரிக்காவிலும் 2024 அக்டோபர் முதல் போலி ரிவ்யூவை விற்றாலும் வாங்கினாலும் அபராதம் உண்டு. சட்டமும் இருக்கிறது, 100 ரூபாய் கார்டும் இருக்கிறது.

எங்கள் வீட்டில் தோட்டம், அம்மாவின் இலாகா. வயது 68. இரண்டு முழங்காலிலும் வலி. 10 லிட்டர் பூவாளி ஒன்றுக்கு ஏகப்பட்ட பாராட்டு வந்திருந்தது. 'பெரிய சைஸ், ஒரு தடவை நிரப்பினால் போதும்!' வாங்கலாமா என்று படித்துக் காட்டினேன்.

"பத்து லிட்டர் தண்ணி பத்து கிலோடா. இதை எழுதினவன் செடிக்குத் தண்ணி ஊத்தறவன் இல்லே, ஆர்டர் போடறவன்" என்றாள் அம்மா. "அஞ்சு லிட்டர்ல ரெண்டு வாங்கு. ரெண்டு கைக்கும் சரியா இருக்கும்."

யார் எழுதினார், எப்போது எழுதினார். ரிவ்யூவில் பார்க்க வேண்டியது இந்த இரண்டுதான். ஐந்து நட்சத்திரக்காரர்களைத் தாண்டிப் போங்கள். இரண்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் நிதானமான மனிதர்கள். 'ஆறு மாசமா உபயோகிக்கிறேன், ஸ்பிரிங் மட்டும் போச்சு' என்று எழுதியிருந்தால் அதுதான் வேதவாக்கு.

மிச்சத்தை ரிவ்யூ சொல்லாது, நாம்தான் பார்க்க வேண்டும். மாடிக் குழாய் அரை இஞ்ச்சா, முக்கால் இஞ்ச்சா என்று அளந்துவிட்டு ஹோஸ் வாங்குங்கள். பச்சைக் கிளைக்கு, இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகிற கத்தரி. ஓர் அலகு தட்டையான கட்டையில் போய் இறங்குகிற ரகம், காய்ந்த குச்சிக்கு. கழற்றிச் சாணை பிடிக்கிற மாதிரி நட்டு போல்ட்டு இருந்தால் உத்தமம்.

அப்படியும் சந்தேகமா? பக்கத்து நர்சரிக்குப் போய், அங்கே நாள் பூரா கிளை வெட்டுகிறவர் கையில் என்ன கத்தரி இருக்கிறது என்று பாருங்கள். பெயிண்ட் உதிர்ந்து, கைப்பிடி தேய்ந்து போயிருக்கும். எத்தனை வருஷமாக வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். அவருக்கு யாரும் கார்டு கொடுத்திருக்க மாட்டார்கள்.

ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதா? கவலை வேண்டாம். அடுத்த மே மாதம் முடிந்ததும் மறக்காமல் இரண்டு வரி எழுதுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: பேக்கிங்கைப் பற்றி வேண்டாம்!