பீரங்கியா? பேச்சுவார்த்தையா?

போர் மூளும் காலத்தில் மேடைகளிலே முழங்கும் சொற்கள் மானம், வீரம், எல்லை, இறைமை என்பனவாகும். விலை, சந்தை, வரி, கடன் என்னும் சொற்கள் அங்கே எவர் செவிக்கும் எட்டுவதில்லை. எனினும், செல்வம் எவ்வாறு உண்டாகிறது என்பதைப் பற்றி ஒரு நாட்டை ஆள்வோர் கொண்டிருக்கும் நம்பிக்கையே, அயலவனிடம் தூதனை அனுப்புவதா, படையை அனுப்புவதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்து வந்திருக்கிறது. அரசியல்வாதியின் நாவிலே வீரம் பேசுகிறது. அவன் கணக்கேட்டிலே பொருளாதாரக் கொள்கை பேசுகிறது. நாம் நாவை மட்டும் கேட்டுவிட்டுக் கணக்கேட்டைப் பாராது விடுவோமாயின், போரின் காரணத்தை ஒருபோதும் அறியமாட்டோம்.

பதினேழாம் நூற்றாண்டின் ஐரோப்பிய அரசுகள், உலகின் செல்வம் ஒரு குடத்துத் தண்ணீர் போன்றது என்று நம்பின. ஒருவன் மொண்டால் மற்றவனுக்குக் குறையும். ஆகவே, அயலவனுடைய இலாபம் தனது நட்டம். இக்கொள்கையை உடையவனுக்குப் போரும் வாணிபமும் ஒன்றே. ஒல்லாந்தரின் கப்பல் வாணிபத்தை முறியடிக்க இங்கிலாந்து 1651ஆம் ஆண்டிலே கப்பற் போக்குவரத்துச் சட்டத்தை இயற்றியது. மறு ஆண்டே இரு நாடுகளும் கடலிலே பொருதின. பிரான்சின் நிதியமைச்சர் கொல்பேர் 1667ஆம் ஆண்டிலே ஒல்லாந்தப் பொருள்களுக்கு எதிராகச் சுங்க வரியை உயர்த்தினார். 1672ஆம் ஆண்டிலே பிரெஞ்சுப் படை ஒல்லாந்துக்குள் புகுந்தது. இக்கொள்கையின் கை எமது கரைக்கும் எட்டியது. கறுவா வாணிபத்தைத் தனியுரிமையாக்க வந்த போர்த்துக்கேயரை, அதே தனியுரிமையை நாடிய ஒல்லாந்தர் துரத்தினர். 1656இல் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் கைமாறின.

குடத்துத் தண்ணீர்க் கதை பொய் என்பதை அடம் சிமித் 1776ஆம் ஆண்டிலே எடுத்துரைத்தார். பண்டமாற்றினால் இரு பக்கமும் பயனடையும் என்றும், குடியேற்ற நாடுகளைக் கட்டிக் காப்பதனால் தாய்நாட்டுக்குச் செலவே மிகும் என்றும் அவர் வாதித்தார். அவர் வழிவந்த றிச்சேட் கொப்டனும் ஜோன் பிரைட்டும் அக்கொள்கையை ஓர் அரசியல் இயக்கமாக்கினர். நிலப்பிரபுக்களின் நலனுக்காக உணவின் விலையை உயர்த்தி வைத்திருந்த தானியச் சட்டங்கள் 1846ஆம் ஆண்டிலே நீக்கப்பட்டன. அவ்விருவருக்கும் கட்டற்ற வாணிபமும் சமாதானமும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள். 1854ஆம் ஆண்டிலே இங்கிலாந்து முழுவதும் கிரிமியப் போர் வெறியிலே மூழ்கியிருந்த வேளையில், அவர்கள் பாராளுமன்றத்திலே துணிந்து எதிர்த்து நின்றனர்.

இதுவரை கேட்ட வாசகர், கட்டற்ற வாணிபக் கொள்கையே சமாதானக் கொள்கை என்ற முடிவுக்கு வரக்கூடும். அவசரப்பட வேண்டாம். அதே கொள்கையின் மறுமுகத்தைச் சீனம் கண்டது.

பீகாரிலும் காசியிலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் தனியுரிமையின் கீழ் முன்பணம் கொடுத்துக் குடியானவர்களைப் பயிரிடச் செய்த அபினி, கந்தோன் துறைமுகத்திலே கள்ளத்தனமாக இறங்கிக்கொண்டிருந்தது. 1839ஆம் ஆண்டிலே ஆணையாளர் லின் சேசூ இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட அபினிப் பெட்டிகளைப் பறிமுதல் செய்து அழித்தார். உடனே பிரித்தானியக் கப்பற்படை புறப்பட்டது. 1842ஆம் ஆண்டு நான்கிங் உடன்படிக்கையின்படி ஐந்து துறைமுகங்கள் திறக்கப்பட்டன, ஹொங்கொங் பறிபோயிற்று, 2 கோடி 10 இலட்சம் டொலர் தண்டமாக அறவிடப்பட்டது. தனியுரிமையிலே விளைந்த நஞ்சை விற்பதற்குக் கட்டற்ற வாணிபம் என்று பெயர் சூட்டினர்!

இதனினும் படிப்பினை மிக்கது 1856ஆம் ஆண்டிலே நிகழ்ந்தது. 'அரோ' என்னும் சிறு கப்பலிலே சீன அதிகாரிகள் ஏறி மாலுமிகளைக் கைது செய்தனர். அக்கப்பலின் ஹொங்கொங் பதிவு அப்போது காலாவதியாகியிருந்தது. எனினும், பிரித்தானியக் கொடி அவமதிக்கப்பட்டது என்று கூறிக் கந்தோன் நகர்மீது குண்டு பொழிவதற்கு ஹொங்கொங் தேசாதிபதி சேர் ஜோன் பௌரிங் துணை நின்றார். இந்தப் பௌரிங் யார்? தானியச் சட்டங்களுக்கு எதிராகக் கொப்டனோடு ஒரே அணியில் நின்றவர். ஒரே கொள்கையை ஏற்ற இருவர். ஒருவர் பீரங்கியை நம்பினார், மற்றவர் பேச்சை நம்பினார்.

கொப்டன் நண்பரைக் காக்க முயலவில்லை. 1857ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே கொமன்ஸ் சபையில் அவர் கொண்டுவந்த கண்டனப் பிரேரணை 263க்கு 247 என்ற வாக்குகளால் நிறைவேறியது. பிரதமர் பாமர்ஸ்டன் பிரபு சபையைக் கலைத்து, தேசாபிமானத்தின் பேரால் தேர்தலுக்குச் சென்றார், வென்றார். கொப்டனும் பிரைட்டும் தங்கள் ஆசனங்களை இழந்தனர். போர் தொடர்ந்தது.

1860ஆம் ஆண்டை நோக்குங்கள். பிரான்சு படையெடுத்து வரும் என்ற பீதியினால் இங்கிலாந்து தென்கரையிலே கோட்டைகள் கட்ட முற்பட்டிருந்த நேரம் அது. அதே நேரத்திலே கொப்டன் பாரிஸ் சென்று, ஜனவரி மாதத்திலே பிரான்சுடன் ஒரு வாணிப உடன்படிக்கையை நிறைவேற்றினார். பிரெஞ்சுத் திராட்சை மதுவுக்கு வரி குறைந்தது, பிரித்தானியப் பொருள்களுக்கு இருந்த தடைகள் நீங்கின, பீதியும் தணிந்தது. ஆனால், அதே ஆண்டு அக்டோபர் மாதத்திலே, பிரித்தானியப் படை பீக்கிங்கின் கோடைக்கால அரண்மனைக்குத் தீ வைத்தது. இரு செயல்களும் ஒரே அரசாங்கத்தின் காலத்தில் நிகழ்ந்தவை. இரண்டுக்கும் கூறப்பட்ட காரணம் வாணிபம். பின் வேறுபாடு யாது? பிரான்சைச் சரிநிகரான தரப்பாகக் கருதினர். அதனால் மேசை போடப்பட்டது. சீனத்தைச் சந்தையாக மட்டும் கருதினர். அதனால் பீரங்கி இழுத்துவரப்பட்டது.

இடதுசாரிக் கொள்கையை உடையோர் இதனைக் கேட்டு மகிழ்வர். முதலீட்டுக்குப் புதிய நிலம் தேடும் பேராசையே ஏகாதிபத்தியத்தின் வேர் என்று, போயர் போரைக் கண்ட ஹொப்சன் 1902ஆம் ஆண்டிலே எழுதினார். முதலாளித்துவத்தின் உச்சக் கட்டமே ஏகாதிபத்தியம் என்றும், அது போரைப் பெறாது ஒழியாது என்றும் லெனின் முதலாம் உலகப் போரின் நடுவிலே வாதித்தார். அந்த வாதத்தில் உண்மை இல்லை என்று அபினிப் போரை அறிந்த எவரும் கூறார். ஆனால், அக்கொள்கையைக் கொண்ட அரசுகள் எவ்வாறு நடந்தன? 1956ஆம் ஆண்டு பெப்ரவரியிலே, போர் தவிர்க்க முடியாத விதியன்று, மாறுபட்ட அமைப்புக்கள் சமாதானமாகக் கூடி வாழலாம் என்று குருசேவ் அறிவித்தார். அதே ஆண்டு நவம்பரிலே சோவியத் தாங்கிகள் புடாபெஸ்ட் வீதிகளிலே உருண்டன. வாஷிங்டனைச் சரிநிகராகக் கருதியவர் ஹங்கேரியை அவ்வாறு கருதவில்லை. 1979ஆம் ஆண்டிலே செங்கொடி ஏந்திய சீனம் செங்கொடி ஏந்திய வியத்நாமுக்குள் படை நடத்தியது.

ஆகவே, வலது என்றும் இடது என்றும் எழுதப்பட்ட பெயர்ப்பலகையைக் கண்டு மயங்குதல் தகாது. கொள்கை ஒருவனுக்குக் கண்ணாடி. எதிரில் நிற்பவனை மனிதனாகக் காண்பதா, பொருளாகக் காண்பதா என்பது அவன் உள்ளத்தின் பண்பு.

சீனத்துடன் பேச்சினாலே வாணிபம் செய்ய முடியாது என்று பாமர்ஸ்டன் காலத்தவர் கருதினர். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டின் பின், பீரங்கிக் கப்பல் எதுவும் இல்லாத இச்சிறு தீவு அதைச் செய்து காட்டியது. கொரியாவிலே சீனப் படையும் அமெரிக்கப் படையும் பொருதிக்கொண்டிருந்த 1952ஆம் ஆண்டு அது. உலகச் சந்தையிலே அரிசியின் விலை ஏறியது. இறப்பரின் விலை வீழ்ந்தது. சீனத்துக்குப் போர்த் தேவைப் பொருள்களை விற்கலாகாது என ஐக்கிய நாடுகள் சபை முன்னைய ஆண்டிலே தீர்மானித்திருந்தது. இலங்கையை ஆண்டதோ பொதுவுடைமையைக் கடுமையாக எதிர்த்த ஐக்கிய தேசியக் கட்சி. எனினும், டட்லி சேனநாயக்காவின் அரசாங்கத்திலே வாணிப அமைச்சராக இருந்த ஆர். ஜீ. சேனநாயக்கா, பீக்கிங்குடன் பேசி ஒப்பந்தம் செய்தார். ஆண்டுதோறும் 50,000 மெட்ரிக் தொன் இறப்பர், அதற்கு ஈடாக 270,000 மெட்ரிக் தொன் அரிசி, ஐந்து ஆண்டுகளுக்கு. அமெரிக்க உதவி மறுக்கப்பட்டது. ஆனால், இறப்பருக்குச் சந்தை விலையிலும் மேலான விலை கிடைத்தது; அரிசியும் வந்தது. இரு நாடுகளும் தூதுவர்களைப் பரிமாறிக்கொள்ளுமுன்பே, 1957க்கு ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே, இது நடந்தேறியது. ஒருவரையொருவர் மதித்தால், கொள்கையால் மாறுபட்டவர்களும் பேசலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

வாணிபக் கதவைத் திறந்துவிட்டாற் போதும், சமாதானம் தானே வரும் என்று நாம் கூறவில்லை. 1977ஆம் ஆண்டின் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டபோது, வடபகுதியின் மிளகாய், வெங்காயச் செய்கையாளர்கள் அடைந்த நட்டத்தை எமது வாசகர் அறிவர். அவர்களைக் கேட்டு எவரும் அக்கதவைத் திறக்கவில்லை. கேளாது திறப்பதும், கேளாது அடைப்பதும் ஒரே நோயின் இரு குறிகள். 1990ஆம் ஆண்டிலிருந்து வடக்கின்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையினால் எரிபொருளுக்கும் உரத்துக்கும் எமது விவசாயி பட்ட பாட்டை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்தை ஒட்டித் தடை தளர்ந்தது. ஏ9 வீதி திறந்தது. அவ்வீதியைத் திறந்தது பேச்சு. 2006ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் அதனை மீண்டும் மூடியது போர். பொருளாதார நூல் எதனையும் படியாத தோட்டக்காரனும் அந்த நான்கு ஆண்டுகளின் வரவு செலவைத் தன் விரல் மடித்துக் கூறுவான்.

ஆதலின், உலகின் எம்மூலையிலேனும் ஒரு தலைவன் தனது பொருளாதாரக் கொள்கையைக் கூறி, அதன் பேரால் படை நடத்த வேண்டும் என்று வாதிப்பானாயின், கற்றோரும் உழவரும் இரண்டு கேள்விகளைக் கேட்கக் கடமைப்பட்டுள்ளனர். எதிர்த் தரப்பைச் சரிநிகராக மேசைக்கு அழைத்தாயா? இப்போரின் செலவைச் செலுத்தப்போகிறவனை நீ கேட்டாயா? அபினியிலே இலாபம் கண்டவர் இலண்டனில் இருந்தனர்; பீகாரின் குடியானவனும் கந்தோனின் குடிமகனும் அதன் விலையைக் கொடுத்தனர். எருதின் நோய் காக்கைக்குத் தெரியாது. அந்த நோயை அறிந்த நாமே இக்கேள்விகளைக் கேளாது விட்டால், வேறு எவர் கேட்பார்?