அறிந்துகொள்வோம்: எந்தப் படகை வாங்குவது?



நியூ ஜேர்சியில் அண்மையில் குடியேறிய தம்பி ஒருவர், கோடையில் குடும்பத்தோடு உல்லாசமாகப் போய்வர ஒரு சிறிய அலுமினியப் படகு வாங்க விரும்புகிறார். பாவித்த படகுகள் இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறார். ஒன்று 12 அடி நீளம், தட்டையான அடி, விலையும் குறைவு. மற்றது 14 அடி நீளம், அடிப்பாகம் 'வி' எழுத்தைப் போன்றது. "அண்ணை, எதை எடுக்கலாம்?" என்று கேட்கிறார்.

முதலில் எந்தத் தண்ணீர் என்று பார்க்க வேண்டும். தட்டையான படகு குளம், ஆறு போன்ற அமைதியான நீருக்கு நல்லது. ஆழம் குறைந்த இடத்திலும் போகும். ஆனால் அலை எழும்பினால் அடிபடும், தண்ணீரும் உள்ளே தெறிக்கும். தம்பி போக நினைப்பதோ ரவுண்ட் வேலி நீர்த்தேக்கத்துக்கு. அது சுமார் 180 அடி ஆழமானது. அங்கே திடீரெனக் காற்று எழும்பும். மூழ்கி இறந்தவர்களும் உண்டு. ஆகவே அலையை வெட்டிச் செல்லும் 14 அடிப் படகே பொருத்தமானது.

இயந்திரம் பெரிதாக இருக்க வேண்டுமென்று ஆசைப்பட வேண்டாம். அங்கு 10 குதிரைவலுவுக்கு மேற்பட்ட இயந்திரத்துக்கு அனுமதியில்லை. காசு கொடுக்கும் முன்னர், இழுவண்டியில் வைத்தபடியே படகினுள் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஆணி அடித்த இடங்களில் ஒழுக்கு இருந்தால் கீழே சொட்டும். வாங்கியபின் படகைப் பதிவுசெய்ய வேண்டும். ஓட்டுபவர் படகுப் பாதுகாப்புச் சான்றிதழும் பெற வேண்டும். 12 வயதும் அதற்குக் குறைந்த பிள்ளைகளும் உயிர்காப்பு அங்கி அணிவது சட்டம். பெரியவர்களும் அணிவதே புத்தி.

இனி முக்கியமான விடயம். படகின் உட்புறத்தில் ஒரு சிறிய தகடு இருக்கும். எத்தனை பேர், எவ்வளவு நிறை, எத்தனை குதிரைவலு என்று அதில் எழுதியிருக்கும். தம்பி பார்த்த 14 அடிப் படகில் நான்கு பேர் என்றிருக்கிறது. தாயாருடன் சேர்த்து அவர் வீட்டில் ஐந்து பேர். "ஒராள்தானே, சமாளிக்கலாம்" என்கிறார்.

1992, 1993 ஆண்டுகளில் கிளாலிக் கடலேரியை இரவில் கடந்தவர்களுக்கு இந்தப் பேச்சு விளங்கும். அன்று தலைகளை எண்ணி ஏற்ற முடியவில்லை. கரையில் விடப்பட்டவர் அடுத்த படகுக்கு வருவார் என்ற நிச்சயமும் இல்லை. அதனால் நெருக்கியடித்து ஏறினோம். அது உயிர் தப்பப் போன பயணம். இது பொழுதுபோக்கு. தம்பி, இரண்டு தடவையாகப் போங்கள். அம்மா கரையில் பேரப்பிள்ளையோடு சற்று இருக்கட்டும். இங்கே படகு திரும்பி வரும்.