எரிசாராய ஆலைச் சக்கை: கொடுக்கலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல

பிண்ணாக்கு விலை ஏறும்போதெல்லாம் கறவை மாடு வைத்திருக்கும் சிறு விவசாயி மலிவான மாற்றுத் தீவனத்தைத் தேடுவது இயல்பு. இப்போது அந்த இடத்துக்கு வந்திருப்பது எரிசாராய ஆலைகளின் தானியச் சக்கை. தீவனக் கடைகளில் இதை ‘டி.டி.ஜி.எஸ்.’ என்று விற்கிறார்கள். பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால் கலக்கும் இலக்கை, 2030-லிருந்து 2025-26-க்கு முன்கொண்டுவந்து மத்திய அரசு 2022-இல் கொள்கையைத் திருத்தியது. மக்காச்சோளம், அரிசி ஆகியவற்றிலிருந்து எரிசாராயம் எடுக்கும் ஆலைகள் பெருகின, சக்கையும் பெருகிற்று.

இதைச் ‘சாராயக் கழிவு’ என்று ஒதுக்குவோர் உண்டு. அது சரியல்ல. எரிசாராயம் காய்ச்சி வடிக்கப்பட்டுப் பிரிந்துவிடுகிறது. தானியத்திலுள்ள மாவுச்சத்து மட்டுமே அதற்குச் செலவாகிறது. புரதம், கொழுப்பு, நார்ச்சத்து, மணிச்சத்து எல்லாம் சக்கையிலேயே தங்குகின்றன. 100 கிலோ மக்காச்சோளத்தில் சுமார் 30 கிலோ சக்கை கிடைப்பதால், தானியத்தில் 9 சதவிகிதமாக இருந்த புரதம் சக்கையில் 27 முதல் 30 சதவிகிதம் வரை உயர்கிறது. அரிசிச் சக்கையில் இது 40 சதவிகிதத்துக்கும் மேல். கடலைப் பிண்ணாக்கின் புரதம் பெரும்பாலும் மாட்டின் முதல் வயிற்றிலேயே சிதைந்துவிடும். சக்கைப் புரதத்தில் பெரும்பகுதி அதைத் தாண்டிக் குடலுக்குச் சென்று பயன்படுகிறது. ஆகவே இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது.

நஞ்சும் மும்மடங்காகும்

ஆனால் சத்து மும்மடங்காவது போலவே நஞ்சும் மும்மடங்காகிறது. இங்கேதான் விவசாயி விழிப்பாக இருக்க வேண்டும். மனிதர் உண்ணத் தகாத, சேதமடைந்த தானியத்தையும் எரிசாராயத்துக்குப் பயன்படுத்தக் கொள்கை இடமளிக்கிறது. பூஞ்சாணம் பிடித்த மக்காச்சோளத்திலுள்ள அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு ஆலையின் சூட்டில் அழிவதில்லை. மாடு உண்ட நஞ்சில் ஒரு பகுதி பாலிலும் வருகிறது. பாலைக் காய்ச்சினாலும் அது போகாது. பாலில் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இது இருக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. கலப்புத் தீவனத்தில் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் என்பது இந்தியத் தர நிர்ணய வரம்பு.

மற்றொன்று கலப்படம். 100 கிலோ சக்கையில் ஒரு கிலோ யூரியாவைக் கலந்தால், சோதனையில் புரதம் ஏறக்குறைய 3 சதவிகிதம் கூடுதலாகத் தெரியும். எனவே யூரியா அளவையும் தனியாகக் கேட்டுச் சோதிக்க வேண்டும். கருகிய வாசனையுடன் கறுத்திருக்கும் சக்கையில் புரதம் இருந்தும் மாட்டுக்குச் செரிக்காது. பொன்னிறச் சக்கையே நல்லது. ஆனால் நிறத்தைப் பார்த்து நஞ்சைக் கண்டுபிடிக்க முடியாது.

கொடுக்கும் முறை

கலப்புத் தீவனம் 100 கிலோவில் சக்கை 20 கிலோவுக்கு மிகாமல் இருப்பது பாதுகாப்பானது. மக்காச்சோளம் 35, தவிடு 27, மக்காச்சோளச் சக்கை 20, கடலைப் பிண்ணாக்கு 15, தாது உப்பு 2, சாப்பாட்டு உப்பு 1 கிலோ என்று கலந்தால் ஏறக்குறைய 19 சதவிகிதப் புரதம் கிடைக்கும். சக்கையில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு; தாது உப்பை நிறுத்தலாகாது. பத்துப் பதினைந்து நாட்களில் படிப்படியாகப் பழக்க வேண்டும். இளங்கன்றுகளுக்குக் கொடுக்க வேண்டாம். உலர்த்தாத ஈரச் சக்கை நம் வெயிலில் மூன்று நான்கு நாட்களில் கெட்டுவிடும். ஆலைக்கு அருகில் இருப்போருக்கே அது ஏற்றது.

விலையை மூட்டைக் கணக்கில் பார்க்காமல் புரதக் கணக்கில் பார்க்க வேண்டும். 28 சதவிகிதப் புரதமுள்ள சக்கை கிலோ 21 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ புரதம் 75 ரூபாய். 45 சதவிகிதப் பிண்ணாக்கு 45 ரூபாய் என்றால் 100 ரூபாய். சோதித்த சக்கையாக இருந்தால் மட்டுமே இந்த இலாபம் மெய்யான இலாபம்.

இரண்டு மாடு வைத்திருப்பவர் ஒவ்வொரு மூட்டையையும் சோதிக்க முடியாது. அந்தப் பொறுப்பு விற்பவருடையது. உற்பத்தி நாள், ஈரம், புரதம், அஃப்ளாடாக்சின் அளவு ஆகியவற்றை மூட்டையிலேயே அச்சிடச் செய்ய வேண்டும். பால் கூட்டுறவுச் சங்கங்கள் லாரிக் கணக்கில் வாங்கி, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகம் போன்ற இடங்களில் மாதிரி சோதித்த பின் உறுப்பினர்களுக்குக் கொடுக்கலாம். பாலில் நஞ்சு தெரிந்தால் ஆலையை யாரும் கேட்பதில்லை. திருப்பி அனுப்பப்படுவது விவசாயியின் பால்தான். ஆதலால் சோதனைச் சீட்டு இல்லாத சக்கையை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், விவசாயிகள் வாங்காமலிருப்பதே நலம்.