பில் போட்டாச்சு, காசு வந்துச்சா?



கரூரிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். மருமகன் சொன்ன ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. பங்கு 62 ரூபாய்தானாம். “மலிவாகத்தானே இருக்கிறது, வாங்கலாமா?” என்று கேட்கிறார். வாங்கு, வாங்காதே என்று சொல்ல நான் செபியில் பதிவு செய்த ஆலோசகன் இல்லை. சூடு பட்ட கதையை வேண்டுமானால் சொல்கிறேன்.

2000-ல் நானும் இப்படி ஒரு பங்கு வாங்கினேன். 180 ரூபாய் வீதம் நூறு. அந்த வருஷப் பொதுக்கூட்டம் மயிலாப்பூரில் ஒரு சபாவில் நடந்தது. வாசலிலேயே மைசூர்பாகும் மிக்சரும் கொடுத்து உள்ளே அனுப்பினார்கள். லாபம் இரண்டு மடங்காகிவிட்டது என்று எம்.டி. அறிவித்தார், கைதட்டல். அப்போது ஒரு பெரியவர் எழுந்தார். கொத்தவால்சாவடியில் மளிகை மொத்த வியாபாரம் செய்தவர் என்று பிறகு தெரிந்தது. “பில் போட்டாச்சு, சரி தம்பி. காசு வந்துச்சா?” என்றார். கூட்டம் சிரித்தது. வாயில் மிக்சரோடு நானும் சிரித்தேன். “சாஃப்ட்வேர் பிசினஸ் வேற மாதிரி சார்” என்று எம்.டி. நகர்ந்துவிட்டார்.

மூன்றாம் வருஷம் பங்கு 4 ரூபாய். சர்டிபிகேட் இன்னும் பீரோவில் கிடக்கிறது.

பெரியவர் கேட்டதற்கு விடை ஆண்டறிக்கையிலேயே உண்டு. வருஷ விற்பனை 40 கோடி, வரவேண்டிய பாக்கி 24 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 24-ஐ 40-ஆல் வகுத்து 365-ஆல் பெருக்கினால் 219 நாள். ஏழு மாதம் கடன் சொல்லி வாங்குகிறவர் எப்படிப்பட்ட வாடிக்கையாளர்? 2021-22 முதல், பாக்கி எத்தனை காலமாக நிற்கிறது என்று ஆறு மாதம், ஒரு வருஷம், இரண்டு வருஷம் எனப் பிரித்து அட்டவணை போட வேண்டும் என்பது சட்டம். முதலில் அந்தப் பக்கத்தைப் புரட்டுங்கள். லாபம் வருஷா வருஷம் ஏறி, செயல்பாட்டிலிருந்து வந்த ரொக்கம் மட்டும் ஏறாமல் இருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

இன்னொரு இடம், ‘உருவாக்கத்தில் உள்ள அருவச் சொத்து’. பெயர்தான் வாயில் நுழையாது, விஷயம் எளிது. புது மென்பொருள் எழுதும் பொறியாளர்களின் சம்பளத்தைச் செலவில் எழுதாமல் சொத்தாக எழுதிக்கொள்ளக் கணக்கு விதி சில நிபந்தனைகளோடு இடம் தருகிறது. மூன்று கோடி சம்பளம் அப்படி இடம் மாறினால், அந்த வருஷ லாபம் மூன்று கோடி கூடித் தெரியும். தப்பில்லை, அந்த மென்பொருள் விற்றால்.

மொத்த வருமானத்தில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ ஒரே வாடிக்கையாளர் தந்தால் அதையும் குறிப்பில் சொல்லியாக வேண்டும். பாதி வருமானம் ஒரே இடத்திலிருந்து என்றால், நீங்கள் வாங்குவது அந்த ஒருவரின் மனநிலையை.

பேங்க் இருப்பு நிறைய இருக்கிறதே என்பார்கள். சத்யம் கம்ப்யூட்டர்ஸ் சின்னக் கம்பெனி இல்லை. ஆனாலும் 2009 ஜனவரி 7 அன்று அதன் சேர்மன் ராமலிங்க ராஜு மோசடியை ஒப்புக்கொண்டு எழுதிய கடிதத்தை மறக்க முடியுமா? கணக்கில் காட்டிய ரொக்கம், பேங்க் இருப்பு 5,361 கோடி. அதில் 5,040 கோடி இல்லவே இல்லை. வரவேண்டிய வட்டி என்று காட்டிய 376 கோடியும் கற்பனை. அதனால் டெபாசிட் தொகையை மட்டும் பார்த்துவிட்டு நிற்காமல், வட்டி கைக்கு வந்ததா என்றும் பாருங்கள். கம்பெனியை ஆளும் புரமோட்டர்கள் தங்கள் பங்கை அடகு வைத்தால் வெளியே சொல்ல வேண்டும் என்று செபி கட்டாயப்படுத்தியதும் சத்யம் விவகாரத்துக்குப் பிறகு, அதே 2009 ஜனவரியில்தான்.

62 ரூபாய் மலிவா என்பதற்கு வருகிறேன். இரண்டு கோடிப் பங்குகள் இருந்தால் கம்பெனியின் விலை 124 கோடி. இருபது கோடி இருந்தால் 1,240 கோடி. வெறும் 62 எதையும் சொல்லாது. சின்னப் பங்கில் இன்னொரு சங்கடம்: கெட்ட சேதி வந்தால் நாள்தோறும் லோயர் சர்க்யூட்டில், அதாவது ஒரு நாளில் விலை இறங்க அனுமதித்த கீழ் எல்லையில், பூட்டிக்கொள்ளும். விற்க ஆயிரம் பேர் நிற்பார்கள், வாங்க ஆள் இருக்காது.

தலைமையாசிரியர் ஐயா, அந்தக் கம்பெனியின் கடைசி மூன்று ஆண்டறிக்கைகளை அனுப்பி வையுங்கள், சேர்ந்தே படிப்போம். சேர்மன் படம் போட்ட வழவழப் பக்கங்கள் வேண்டாம். தபால் செலவு மிச்சம். பொடி எழுத்தில் இருக்கும் பின்பக்கக் குறிப்புகள் போதும்.

அன்புடன்,
ஆசிரியர்