கையெழுத்து யாருடையது?

"புருஷன் வந்திருக்காரா? கையெழுத்துப் போடணும்." கருக்கலைப்புக்காக மருத்துவமனைக்குப் போகும் நம் பெண்கள் இன்றும் கேட்கும் பேச்சு இது. சட்டம் அப்படிக் கேட்கவே இல்லை, தோழர்களே! 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம், 18 வயது நிறைந்த பெண்ணுக்குக் கணவனின் ஒப்புதல் வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. 24 வாரம் வரையிலான கருக்கலைப்பில் திருமணமானவர், ஆகாதவர் என்று பிரிக்கக் கூடாது என 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்துவிட்டது.

அதே ஏழைப் பெண்ணின் கருக்குழாயை மூடுவதென்றால் மட்டும் யாருக்கும் தயக்கமே இல்லை. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரே முகாமில், சில மணி நேரத்தில், ஒரே மருத்துவர் 83 பெண்களுக்குக் கருத்தடை அறுவை செய்தார். அந்த நாட்களில் அம்மாவட்ட முகாம்களுக்குப் போன 13 பெண்கள் செத்தார்கள். போனவர்கள் பெரும்பாலும் தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட ஏழைகள். மூன்றாண்டுகளில் முகாம்களையே நிறுத்தச் சொல்லி 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று.

ஆண்களுக்கான அறுவை எளியது, ஆபத்தும் குறைவு. ஆனாலும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் பெண் கருத்தடை 37.9 சதவீதம், ஆண் கருத்தடை 0.3 சதவீதம்!

பிள்ளை வேண்டாம் என்று அவள் முடிவெடுத்தால் கணவனைக் கேட்கிறார்கள். அரசு முடிவெடுத்தால் அவளையே கேட்பதில்லை. இது மருத்துவம் அல்ல, அதிகாரம்.

நம் தெருப் பெண்களோடு மருத்துவமனைக்குத் துணை போவோம். கணவன் கையெழுத்து கேட்டால், "எந்தச் சட்டத்தில் இருக்கிறது? எழுதிக் கொடுங்கள்" என்போம். அவள் உடல், அவள் கையெழுத்து.