ஜாமில் சர்க்கரையைக் குறைக்காதீர்கள்

கொல்லையில் கொய்யா மரம் வைத்திருப்பவர்களின் சிக்கல் விளைச்சல் குறைவு அல்ல. விளைச்சல் மொத்தமாக வந்துவிடுவதுதான். பல மாதங்கள் ஒன்றிரண்டு பழம் பறித்துத் தின்ற வீட்டில், பருவம் வந்ததும் ஒரே வாரத்தில் கூடை கூடையாகப் பழுக்கிறது. பிள்ளைகள் தின்று சலித்து, பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்து, அணிலும் கிளியும் வௌவாலும் எடுத்தது போக மிச்சம் தரையில் விழுகிறது. ஈ மொய்க்கிறது, தரை வழுக்குகிறது, கூட்டிப் பெருக்குகிறவர்கள் முணுமுணுக்கிறார்கள். இரண்டு பருவம் இப்படிப் போனால் மூன்றாவது பருவத்துக்கு மரம் இருப்பதில்லை. அந்த இடத்தில் சிமெண்ட் தளம் போட்டு வண்டியை நிறுத்திவிடுகிறார்கள். நகரங்களை ஒட்டிய ஊர்களில் வீட்டுப் பழமரங்கள் குறைவதற்குப் பூச்சியையும் நோயையும்விட இந்தச் சலிப்புதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

அதனால், மிஞ்சும் பழத்தில் வீட்டிலேயே ஜாம் செய்யலாமா என்று யாராவது கேட்டால் எனக்கு மகிழ்ச்சி. உழவியல் படித்தவருக்கு அடுப்படியில் என்ன வேலை என்று கேட்கலாம். எக்டேருக்கு எத்தனை டன் என்று கணக்குப் போட்டே பழகிய துறை எங்களுடையது. பறித்த பிறகு என்ன ஆகிறது என்பதைப் பிறர் வேலை என்று விட்டுவிடுவது எங்களிடம் உள்ள பழைய பழக்கம். அதை விட வேண்டும் என்பதால்தான் எழுதுகிறேன்.

ஜாம் செய்ய வருகிறவர்கள் எல்லோரும் அடுத்த மூச்சிலேயே இன்னொன்றும் கேட்கிறார்கள். “சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துச் செய்யலாம் இல்லையா?” கூடாது என்பதுதான் என் பதில்.

ஊறுகாய்க்கு உப்பு, ஜாமுக்குச் சர்க்கரை

மாங்காய் ஊறுகாயில் உப்பைப் பாதியாகக் குறைத்தால் என்ன ஆகும் என்று நம் வீடுகளில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பூசணம் பூக்கும். ரத்த அழுத்தம் உள்ளவர் ஊறுகாயை அளவாகத் தொட்டுக்கொள்வார், அல்லது தொடவே மாட்டார். ஊறுகாய் போடும் முறையை மாற்றச் சொல்ல மாட்டார். ஜாமில் சர்க்கரை செய்வதும் இதே காவல் வேலைதான். பழத்தில் உள்ள தண்ணீரைச் சர்க்கரை தன்னோடு பிடித்து வைத்துக்கொள்வதால் நுண்ணுயிர்களுக்கு அந்தத் தண்ணீர் கிடைக்காமல் போகிறது. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளில் ஜாமுக்குக் குறைந்தது 65 சதவீதம் கரைந்த திடப்பொருள் இருக்க வேண்டும் என்று வைத்திருப்பது ஏதோ ருசிக்காக அல்ல. அதே விதி, ஸ்ட்ராபெர்ரி, ராஸ்பெர்ரி தவிர்த்த பழங்களுக்கு ஜாமில் 45 சதவீதமாவது பழம் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. வீட்டில் செய்யும்போது பழத்தின் பங்கு இதைவிட நன்றாகவே கூடிவிடும். வீட்டு ஜாமின் பெருமை அதில்தான் இருக்கிறது, சர்க்கரையைக் குறைப்பதில் இல்லை.

சர்க்கரைக்கு இரண்டாவது வேலையும் உண்டு. பழத்தில் உள்ள பெக்டின் என்ற பசைப்பொருள், போதிய புளிப்பும் போதிய சர்க்கரையும் இருந்தால்தான் வலைபோலப் பின்னி இறுகும். சர்க்கரையைக் குறைத்தவர்கள் இறுகவில்லையே என்று மேலும் கொதிக்க விடுகிறார்கள். நீண்ட நேரம் கொதித்தால் அந்தப் பெக்டினே சிதைந்துவிடும். நிறம் கறுத்து, மணம் போய், கடைசியில் வாணலியில் இருப்பதற்கு எந்தப் பெயரும் பொருந்தாது.

சர்க்கரை குறைவாகத்தான் வேண்டும் என்பவர்கள் அதைப் பழக்கூழ் என்று எண்ணிக்கொள்ளட்டும். கொஞ்சமாகச் செய்து, குளிர்பெட்டியில் வைத்து, சில நாட்களில் தீர்த்துவிட வேண்டும். ஜாம் பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைத்து மாதக்கணக்கில் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது. மேலே பூசணம் கண்டால் அதை மட்டும் வழித்தெடுத்துவிட்டு அடியில் இருப்பதைச் சாப்பிடும் பழக்கமும் வேண்டாம். பூசணத்தின் இழைகளும் அது உண்டாக்கும் நச்சும் கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு நிற்பதில்லை.

நீரிழிவு பற்றிய கவலை நியாயமானது. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு நாட்டில் ஏறக்குறைய 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னது. ஆனால் அதற்கு விடை பாதிச் சர்க்கரை ஜாம் அல்ல. நான் கீழே சொல்லும் முறையில் செய்த ஜாமில் 20 கிராம் எடுத்தால், அதில் 12 கிராம் நாம் போட்ட சர்க்கரை. பாதியாகக் குறைத்தாலும் அது சர்க்கரைப் பண்டம்தான். நீரிழிவு உள்ளவர் பழத்தைப் பழமாகவே, மருத்துவர் சொன்ன அளவில் சாப்பிடட்டும். ஜாம் மற்றவர்களுக்கு, அதுவும் எப்போதாவது. கொய்யாவின் பெரிய செல்வமான வைட்டமின் சி-யில் ஒரு பகுதி கொதிக்கும்போதே போய்விடுகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பறித்துத் தின்ன முடிகிற பழத்தை ஜாமாக்குவது வீண்வேலை, மிஞ்சுவதற்குத்தான் ஜாம்.

நாட்டுச் சர்க்கரையிலும் வெல்லத்திலும் செய்யலாமா என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். செய்யலாம். ஆனால் வெல்லம் காய்ச்சும்போது பாகைத் தெளியவைக்கச் சுண்ணாம்பு சேர்ப்பது வழக்கம். அது பழத்தின் புளிப்பைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். எலுமிச்சைச் சாறு கூடுதலாக வேண்டும், நிறம் கறுப்பாகும், இறுக்கமும் சற்றுத் தளரும். முதல் முறை செய்பவர் வெள்ளைச் சர்க்கரையில் கை பழகிவிட்டு அதற்குப் போவது நல்லது. உடம்புக்கு நல்லது என்ற காரணத்துக்காக மட்டும் மாற்றுகிறீர்கள் என்றால், வெல்லமும் சர்க்கரைதான்.

அடுப்புக்கு முன் மரம்

ஜாம் கெட்டுப்போவதற்கான காரணம் பாதி நேரம் மரத்தடியிலேயே தொடங்குகிறது. தரையில் விழுந்து கிடப்பதை வீணாக்காமல் இருக்கத்தானே ஜாம் என்று, விழுந்த பழத்தைப் பொறுக்கி வருகிறார்கள். கொய்யாவில் பழ ஈ முட்டையிட்ட பழங்கள்தான் பெரும்பாலும் முதலில் விழும். வெளியே ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளி. வெட்டினால் உள்ளே வெள்ளைப் புழு. மழைக் காலத்துப் பழங்களில் இது கூடுதல், அவை நீர்ச்சத்து மிகுந்து சப்பென்றும் இருக்கும். விழுந்த பழங்களை அன்றன்றே பொறுக்கி ஆழமாகக் குழிவெட்டிப் புதைத்து, மரத்தடி மண்ணைக் கிளறிவிட்டு, மீத்தைல் யூஜினால் பொறி ஒன்று தொங்கவிட்டால் அடுத்த காய்ப்புக்குப் புழு குறையும். பிஞ்சு தேறியதும் காகித உறை மாட்டினால் இன்னும் நல்லது. இதை விட்டுவிட்டு வீட்டு மரத்துக்குப் பூச்சிக்கொல்லி அடித்து, மறுநாளே அந்தப் பழத்தைப் பறிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மருந்தைக் கூழோடு சேர்த்துக் கிண்டிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதைவிட மரத்தை வெட்டிவிடுவதே மேல் என்று கோபத்தில் சொல்லத் தோன்றும்.

ஜாமுக்குப் பறிக்கும் பழம் அளிந்திருக்கக் கூடாது. பழம் அளிய அளிய அதிலுள்ள பெக்டின் குறைந்துகொண்டே போகிறது. மணத்துக்குக் கனிந்த பழம் முக்கால் பங்கு, இறுக்கத்துக்குச் செங்காய் கால் பங்கு என்று எடுப்பது கைகண்ட அளவு.

கழுவி, துண்டுகளாக்கி, மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு வேகவைத்து, மசித்து, விதை தங்கும்படி சல்லடையில் தேய்த்தால் கூழ் கிடைக்கும். முதல் முறைக்கு ஒரு கிலோ கூழ் போதும். மூன்று கிலோ, ஐந்து கிலோ என்று ஒரே பாத்திரத்தில் ஏற்றினால் வற்ற நேரமாகும். நேரம் ஆக ஆக நிறமும் இறுக்கமும் போகும். அடி கனத்த எவர்சில்வர் பாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். புளிப்புள்ள பழத்தை அலுமினியத்தில் கிண்ட வேண்டாம்.

ஒரு கிலோ கூழுக்கு 750 கிராம் சர்க்கரை. சிட்ரிக் அமிலம் என்றால் 5 கிராம். இல்லாவிட்டால் நான்கைந்து எலுமிச்சம்பழத்தின் சாறு. சாற்றைக் கடைசிக் கட்டத்தை நெருங்கும்போது சேர்த்தால் போதும்.

எப்போது இறக்குவது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். அதிரசத்துக்குப் பாகு எடுக்கத் தெரிந்த கைக்கு இது பெரிய வித்தை இல்லை. ஆனால் அந்தக் கை இப்போது எல்லா வீட்டிலும் இல்லை. அவர்களுக்கு நான் சொல்வது தராசு. ஒரு கிலோ கொய்யாக் கூழில் திடப்பொருள் ஏறக்குறைய 100 கிராம் இருக்கும். சர்க்கரையோடு சேர்த்து 850 கிராம். இது 68 சதவீதமாக அமைய வேண்டும் என்றால் ஜாமின் மொத்த எடை 1,250 கிராம் இருக்க வேண்டும். காலிப் பாத்திரத்தை முதலிலேயே எடைபோட்டு எழுதிவைத்துக்கொண்டு, பாத்திரத்தின் எடை போக ஒன்றேகால் கிலோ வரும்வரை கிண்டுங்கள். கெட்டியாகும்போது குமிழ் வெடித்துக் கையில் தெறிக்கும். நீளமான பிடியுள்ள கரண்டி அவசியம், பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.

வெப்பமானி உள்ளவர்களுக்கு 105 டிகிரி செல்சியஸ் என்று புத்தகங்களில் இருக்கும். அது சமவெளிக்கு உரிய கணக்கு. தண்ணீர் கொதிக்கும் வெப்பத்துக்கு மேல் ஐந்து டிகிரி என்று நினைவில் வைத்துக்கொண்டால் எங்கும் பொருந்தும். சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் உள்ள குன்னூரில் தண்ணீர் 94 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுகிறது. அங்கே பிளம்ஸ் ஜாம் கிண்டுபவர் 105-க்குக் காத்திருந்தால் அடிபிடித்த பாகுதான் மிஞ்சும்.

கண்ணாடிப் பாட்டிலையும் மூடியையும் கொதிநீரில் கால் மணி நேரம் போட்டெடுத்து, உலர்த்தி, ஜாம் சூடாக இருக்கும்போதே மரப்பலகை மேல் வைத்து நிரப்பி மூட வேண்டும். குளிர்ந்த கல் மேடையில் வைத்தால் பாட்டில் விரிசல் விடும். திறந்த பிறகு குளிர்பெட்டியில் வைத்து, ஈரமில்லாத கரண்டியையே பயன்படுத்துங்கள். சர்க்கரை அளவு சரியாக இருந்தால் வீட்டு உபயோகத்துக்குப் பதனப் பொருள் எதுவும் தேவையில்லை.

எல்லாப் பழமும் கொய்யா அல்ல

கொய்யாவில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம், அதில் பெக்டின் தாராளமாக இருப்பதால் அது புதியவரைக் கைவிடாது. விளாம்பழமும் அப்படியே. பப்பாளி வேறு ரகம். அதில் புளிப்பு மிகக் குறைவு; பி.எச். அளவு ஐந்துக்கு மேல் இருக்கும். 4.6-க்கு மேல் இருக்கும் எந்த உணவையும் காற்றுப் புகாமல் அடைத்து வெளியில் வைப்பது ஆபத்து. அதனால் பப்பாளிக்கு எலுமிச்சையைக் கொய்யாவைவிடத் தாராளமாகச் சேர்த்தே ஆக வேண்டும். கொல்லையில் அரைநெல்லி மரமும் இருந்தால், அதை வேகவைத்து வடித்த சாற்றைப் பப்பாளிக் கூழோடு கலந்து பாருங்கள், அருமையாக இருக்கும். சீத்தாப்பழம் சூடுபட்டால் கசக்கும், அதை விட்டுவிடுங்கள். பலாப்பழத்தை வெல்லத்தில் கிளறிச் சக்க வரட்டி செய்யக் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

பயிற்சி தரும் அமைப்புகளிடமும் ஒன்று சொல்ல வேண்டும். மதிப்புக்கூட்டுதல் என்ற பெயரில் இரண்டு நாள் வகுப்பு நடக்கிறது. ஒருவர் கிண்டுகிறார், முப்பது பேர் படம் எடுக்கிறார்கள். பிறகு பெயர்ப்பட்டை, பதிவு, மானியம், வங்கிக் கடன் என்று பேச்சு போய்விடுகிறது. பிரதமரின் குறு உணவு நிறுவனங்கள் திட்டத்தில் 35 சதவீத மானியம் இருப்பது உண்மைதான், தகுதியுள்ளவர்கள் பெறட்டும். ஆனால் சில்லறை விலைக்குச் சர்க்கரையும் எரிவாயுவும் கண்ணாடிப் பாட்டிலும் வாங்கிச் செய்யும் ஜாம், பெரிய ஆலையின் ஜாமோடு கடை அலமாரியில் விலைப் போட்டி போட முடியாது. ஆயக்குடிபோல் கொய்யாவையே நம்பியிருக்கும் ஊரில் விலை சரியும்போது உழவருக்குத் தேவை கூழ் ஆலையும் குளிர்பதன வசதியும். வீட்டு வாணலி அந்தச் சிக்கலைத் தீர்க்காது. இரண்டையும் ஒரே வகுப்பில் குழப்புவதால், தன் வீட்டு மரத்துக்காக வந்தவர் தொழில் தொடங்கும் தைரியம் இல்லாமல் திரும்பிப் போகிறார். கிண்டக் கற்றுக்கொள்ளாமலும் போகிறார்.

வீட்டுக்காரர்களுக்கென்று தனியாக ஒரு நாள் வகுப்பு போதும். பழப் பருவம் தொடங்கும்போது நடத்த வேண்டும். ஒவ்வொருவரும் தங்கள் மரத்துப் பழத்தில் இரண்டு கிலோ கொண்டுவரட்டும். புழுப் பழத்தைப் பிரிப்பதில் தொடங்கி, ஆளுக்கு ஒரு அடுப்பில் அவரவரே கிண்டி, எடைபோட்டு, பாட்டிலில் அடைத்து எடுத்துப் போகட்டும். கரைதிடப் பொருளை அளக்கும் கைக்கருவி பயிற்சி நிலையத்தில் இருந்தால், மாதத்தில் ஒரு நாள் பொதுமக்கள் தங்கள் ஜாமைக் கொண்டுவந்து சோதித்துப் போகவும் வழி செய்யலாம். அதற்கு இரண்டு சொட்டு ஜாம் போதும், ஒரு நிமிடம்கூட ஆகாது.