முட்டுக்குத் தனி ரேட் போடுங்கள்

வீரசோழன், நரிக்குடி, திருச்சுழி பக்கம் கரிசலில் கோடையில் பள்ளம் எடுத்தால் பக்கச் சுவர் செதுக்கி வைத்ததுபோல நிற்கும். அந்தச் சுவரை நம்பித்தான் ஆளை உள்ளே இறக்குகிறார்கள். காய்ந்தால் சுருங்கி வெடிப்பதும், நனைந்தால் உப்புவதும் கரிசலின் குணம். ராத்திரி பெய்த மழை வெடிப்பு வழியே உள்ளே இறங்கினால், நேற்றுவரை அசையாமல் நின்ற சுவர் காலையில் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். கிணறு வெட்டிய தலைமுறைக்கு இது பாலபாடம்.

கடப்பாரைக் காலத்தில் ஆழம் நாள்கணக்கில் வந்தது. மண்ணைப் புரிந்துகொள்ள அவகாசமும் இருந்தது. இப்போது ஆள் ஆழத்தை ஜேசிபி சில நிமிடங்களில் எடுத்துவிடுகிறது. ஆனால் குழாயைப் பொருத்தவும் மட்டம் பார்க்கவும் மனிதன்தான் இறங்க வேண்டும். வண்டிக்கு மணிக்கணக்கில் வாடகை. அந்தப் பதைப்பில் பக்கெட் அகலத்துக்கே பள்ளம் எடுத்து, அள்ளிய மண்ணைக் கரையோரத்திலேயே குவித்து, வண்டியையும் அதே கரையில் நிறுத்துகிறார்கள். ஒரு கன மீட்டர் மண் ஏறத்தாழ ஒன்றரை டன். மார்பு வரை மூடினாலே போதும், முகம் வெளியே இருந்தாலும் மூச்சு அடைத்துவிடும்.

2022 ஜூனில் மதுரை விளாங்குடியில் பாதாளச் சாக்கடைக் குழாய் பதிக்க இறங்கிய தொழிலாளி மண் சரிந்து புதைந்தார். பதறியவர்கள் ஜேசிபியைக் கொண்டே மண்ணை அள்ளினார்கள். அதில் அவருடைய தலை துண்டானது. ஆபரேட்டரைத் திட்டுவது சுலபம். ஆள் புதைந்தால் முதலில் வண்டியை நிறுத்த வேண்டும், மண்வெட்டியாலும் கையாலும்தான் மண்ணை விலக்க வேண்டும் என்று நம்மூர் வேலைத்தளங்களில் யார் சொல்லித் தருகிறார்கள்? சுவர் சரியாமல் நின்றிருந்தால் அந்தப் பக்கெட்டுக்கு அங்கே வேலையே இல்லை.

சுவரை நிறுத்தும் வழி புதிதல்ல. பள்ளம் ஒன்றரை மீட்டரைத் தாண்டினால் பலகை அடித்து முட்டுக் கொடுக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 3764 என்னும் இந்தியத் தரவிதி. தோண்டிய மண்ணைக் கரையிலிருந்து ஒன்றரை மீட்டர், அல்லது ஆழத்தில் பாதி, எது அதிகமோ அவ்வளவு தள்ளிப் போட வேண்டும். ‘இந்தச் சந்துக்குள் எங்கே தள்ளிப் போடுவது?’ என்பார் காண்ட்ராக்டர். நியாயமான கேள்விதான். இடமில்லை என்றால் டிப்பரில் ஏற்றி வெளியே கொண்டுபோக வேண்டும். அதற்கும் காசு வேண்டும்.

சிவகங்கை மாவட்டம் மல்லாக்கோட்டை கல் குவாரியில் 2025 மே 20 அன்று பாறை சரிந்து அன்றைக்கே ஐந்து பேர் மாண்டபோது நாடே திரும்பிப் பார்த்தது. தெருப் பள்ளத்தில் ஒருவர் ஒருவராகச் சாகிறார்கள். பத்திரிகையின் உள்பக்கத்தில் ஒரு பத்திச் செய்தியோடு முடிந்துவிடுகிறது.

சட்டமும் தலையை எண்ணித்தான் வருகிறது. 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்கானதாக இருந்தது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அந்தப் பத்து மாறவில்லை. நாலைந்து பேரை வைத்துக் குழி வெட்டும் சின்ன காண்ட்ராக்டர் அதற்குள் வரமாட்டார். கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் நலநிதியாக வசூலாகிறது. செத்த பிறகு குடும்பத்துக்குக் கொடுக்க வாரியம் இருக்கிறது. சாகாமல் காக்கும் நாலு பலகைக்கு யார் காசு கொடுப்பது என்பதுதான் பிரச்சினை.

முட்டுச் செலவை ‘மீட்டருக்கு இவ்வளவு’ என்ற மொத்த ரேட்டுக்குள் அடக்கிவிட்டால், அதை அடிக்காமல் விடுவதே காண்ட்ராக்டருக்கு லாபம். குறைந்த ரேட்டுக்கு எடுத்தவர் முதலில் கை வைப்பதும் அதில்தான். காவிரி - வைகை - குண்டாறு இணைப்புக் கால்வாய், குடிநீர்க் குழாய் என்று இந்த வறண்ட சீமையில் இனிமேல்தான் தோண்டும் வேலை அதிகம். அருப்புக்கோட்டை நகராட்சியும் நரிக்குடி ஒன்றியமும் அடுத்த டெண்டரிலேயே முட்டுக்கும் மண் அப்புறப்படுத்துவதற்கும் தனித்தனி ரேட் போடட்டும். முட்டு அடித்த பள்ளத்தைப் பொறியாளர் நேரில் அளந்து எம்-புக்கில் (அளவுப் புத்தகத்தில்) ஏற்றிய பிறகே பில் பாஸ் ஆகட்டும்.